கண்ணும் எண்ணும் கொழுந்தும்

எண்ணுக்கும் எழுத்துக்கும் கண்ணின் சிறப்பைக் கொடுத்துப் பேசியவர் வள்ளுவர். அந்த உறவைத் தலைகீழாகத் திருப்பி வைத்து ஒரு வினாவை எழுப்பும் பாடம் இன்று உலகின் பல்கலைக்கழகங்களிலே கற்பிக்கப்பட்டு வருகின்றது. எண்ணைத் தவிர வேறொன்றையும் அறியாத பொறிக்குக் கண்ணைக் கொடுப்பது எப்படி என்பதே அவ்வினா. பாடத்தின் பெயர் கணினிப் பார்வை.

விஞ்ஞான மாணவரின் மேசைக்கு உரிய இவ்விஷயம் இலக்கியப் பக்கத்துக்கு ஏன் வரவேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. லுணுகலை வரை போனால் போதும்.

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை எனச் சென்று கிழக்கே செங்கலடியை அடையும் பெருவீதியை ஊவா மக்கள் நன்கறிவர். பதுளையில் அவ்வீதியின் ஓரத்திலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 2005 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அக்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானமும் கற்பிக்கப்படுகின்றது. தேயிலைத் தொழில்நுட்பமும் கற்பிக்கப்படுகின்றது. அதே வீதியில் பசறையையும் கடந்து மேலே சென்றால் லுணுகலையைச் சூழ்ந்த தோட்டங்கள் வரும். அங்கே முதுகிற் கூடையும் இடுப்பிற் படங்குமாகப் பெண்கள் நிரை பிடித்து நின்று கொழுந்து பறிக்கின்றனர். கலைக்கழக வகுப்பிலே ஆராயப்படும் பிரச்சினையும் அந்த மலைச்சரிவிலே நாள்தோறும் தீர்க்கப்படும் பிரச்சினையும் ஒன்றே என்று சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கும். காண்பனவற்றுள் வேண்டியதை வேண்டாததிலிருந்து பிரித்தறிவதே அப்பிரச்சினை. அதை ஓரிடத்தில் உயர்கல்வி என்கிறோம். மற்றோரிடத்தில் கல்வி வேண்டாத கூலிவேலை என்கிறோம். இவ்வேறுபாடு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அப்பாடத்தையே துணையாகக் கொண்டு பார்ப்போம்.

எண்களால் ஆன இலை

பாடத்தின் தொடக்கத்தில் மாணவன் கற்பது, படம் என்றால் என்ன என்பதைத்தான். தேயிலைக் கொழுந்து ஒன்றைக் கைப்பேசியிலே படம் பிடிக்கின்றோம். நமக்கு அது கொழுந்து. பொறிக்கோ அது கட்டம் கட்டமாக வகுக்கப்பட்ட ஒரு தாள். கட்டத்துக்கு ஓர் எண். முழுக் கருமைக்குப் பூச்சியம், முழு வெண்மைக்கு 255, இடைப்பட்ட சாம்பல் நிறங்களுக்கு இடைப்பட்ட எண்கள். வண்ணப் படமாயின் சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண்கள் வேண்டும். அகலத்தில் 640 கட்டங்களும் உயரத்தில் 480 கட்டங்களும் உள்ள சிறு படத்திலேயே 307,200 கட்டங்கள் உள்ளன, எண்களோ 921,600. இவ்வெண்களில் எதிலும் 'இலை' என்று எழுதப்பட்டிருக்கவில்லை. இலை என்ற பொருள் அவற்றிலிருந்து எவ்வாறு பிறக்கின்றது என்பதே பாடம் முழுவதற்கும் அடிப்படையான புதிர்.

நிழற்படத்தை இவ்வாறு எண்ணாக்கிய முயற்சி 1957 ஆம் ஆண்டிலே கைகூடியது. அமெரிக்கத் தேசிய நியமப் பணிமனையில் ரசல் கேர்ஷ் என்பவரும் அவருடைய துணைவரும், மூன்று மாதக் குழந்தையாயிருந்த கேர்ஷின் மகனுடைய படத்தைக் கணினிக்குள் செலுத்தினர். அகலமும் உயரமும் 176 கட்டங்களே கொண்ட அப்படம் இன்றைய கைப்பேசிப் படத்தின் அருகில் வைக்கத் தகாத சிறு துண்டுதான். ஆயினும் கணினி கண்ட முதல் முகங்களுள் ஒன்று ஒரு குழந்தையின் முகம் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

எண்களாகிவிட்ட படத்தில் அடுத்துச் செய்வது விளிம்பு தேடுதல். அதற்கு வேண்டியது சிறுவரும் அறிந்த கழித்தலே. ஒரு வரிசையில் 40, 40, 40, 200, 200, 200 என்று எண்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணிலிருந்து கழித்தால் 0, 0, 160, 0, 0 என்று வரும். 160 என்று எழுந்து நிற்கும் இடத்திலேதான் இருண்ட நிலம் முடிந்து ஒளி பட்ட இலை தொடங்குகின்றது. படம் முழுவதிலும் மேலிருந்து கீழும், இடமிருந்து வலமும் இக்கணக்கைச் செய்தால், இலையின் கோட்டுருவம் தானே வெளிப்படும்.

உயிருள்ள கண்ணுக்குப் பின்னாலும் இத்தகைய வேலை நடைபெறுகின்றது என்பதை ஹியூபெல், வீசல் என்னும் இரு ஆய்வாளர் 1959 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே காட்டினர். பூனையின் மூளையில் பார்வைக்குரிய பகுதியை ஆராய்ந்த அவர்கள், அங்குள்ள சில கலங்கள் குறித்த சாய்வில் அமைந்த விளிம்புகளைக் கண்டபோதே கிளர்ச்சியுறுவதைக் கண்டறிந்தனர். 1981 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றோருள் அவர்களும் இருந்தனர். நாம் 'பார்த்தேன்' என்று ஒரு சொல்லில் சொல்லி முடிக்கும் செயலுக்குள் எத்தனை படிகள் உள்ளன என்பது அப்போது ஓரளவு தெளிவாயிற்று.

ஒரு கோடைகால வேலை

இப்பாடத்தைக் கற்பிப்போர் மறவாது கூறும் வரலாறு ஒன்று உண்டு. 1966 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சீமோர் பப்பேர்ட் ஒரு திட்டக் குறிப்பை எழுதினார். கோடைகாலப் பணியாளர்களைக் கொண்டு, பார்க்கும் பொறியொன்றின் முக்கியமான பகுதியை அமைத்து விடலாம் என்பது அதன் நோக்கம். பொருளையும் அதன் பின்புலத்தையும் பிரித்தல், பிறகு பந்து, செங்கல், உருளை போன்றவற்றை இனங்காணுதல் என வேலை பங்கிடப்பட்டது. கோடை முடிந்தது, பின்னர் எத்தனையோ கோடைகள் முடிந்தன. வேலை முடியவில்லை.

அறிவிற் சிறந்தோர் ஏன் இவ்வாறு எண்ணினர்? பார்ப்பது நமக்கு எளிதாக இருப்பதுதான் காரணம். சதுரங்கம் ஆடுவதற்கு அறிவு வேண்டும், கண்ணைத் திறந்து பார்ப்பதற்கு என்ன வேண்டும் என்று உலகம் நினைத்தது. காலம் இதற்கு மாறான தீர்ப்பை வழங்கியது. 1997 ஆம் ஆண்டில் சதுரங்கத்தில் உலக வீரர் கஸ்பரோவைக் கணினி வென்றது. அக்காலத்தில், தெருவில் எடுத்த ஒரு சாதாரணப் படத்தைக் கொடுத்து, அதில் இருப்பது நாயா பூனையா என்று கேட்டால், சிறு பிள்ளை சொல்லும் விடையை எந்தப் பொறியும் நம்பத் தக்கவாறு சொல்லவில்லை. அறிவின் உச்சி என்று கருதப்பட்டது பொறிக்கு எளிதாயிற்று. அறிவே வேண்டாதது என்று கருதப்பட்டது அரிதாயிற்று. பொறிக்கு நுண்ணறிவுத் தேர்வுகளில் வளர்ந்தோரின் திறமையைக் கொடுப்பதினும் ஒரு வயதுக் குழந்தையின் பார்வையைக் கொடுப்பது கடினம் என்று ஹன்ஸ் மொராவெக் என்பவர் 1988 ஆம் ஆண்டில் எழுதியதன் கருத்து இதுவே.

தொழிற்சாலையும் மலைச்சரிவும்

இவ்வுண்மையைத் தேயிலையை வைத்தே தெளிவாக விளக்கலாம். இலங்கையின் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் நிறம் பார்த்துப் பிரிக்கும் பொறிகள் உள்ளன. உலர்ந்த தேயிலையோடு கலந்திருக்கும் தண்டும் நாரும் சற்று வெளிறிய நிறத்தன. தேயிலை மெல்லிய தாரையாக விழும்போது கமரா அதைப் பார்க்கின்றது. வெளிறியது தென்பட்டவுடன் ஒரு காற்று வீச்சு அதனைத் தனியே தள்ளிவிடுகின்றது. இது கணினிப் பார்வையின் நல்ல வெற்றி. அவ்வெற்றிக்குக் காரணம் என்ன என்பதை மாணவன் கவனிக்க வேண்டும். விளக்கின் ஒளி மாறுவதில்லை, பின்புலம் மாறுவதில்லை, கமராவுக்கும் தேயிலைக்கும் இடையிலுள்ள தூரமும் மாறுவதில்லை. உலகத்தை ஒரு பெட்டிக்குள் அடக்கிக்கொண்ட பிறகுதான் பொறி கண்ணைத் திறக்கின்றது.

மலைச்சரிவு அத்தகைய பெட்டியன்று. காலையில் மூடுபனி, பத்து மணிக்கு வெயில், பிற்பகலில் மேகம். ஒரே இலையின் பச்சை மூன்று வேளையும் மூன்று வகையான எண்களாக மாறும். யூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசும் காலத்திலேதான் ஊவாத் தேயிலை தன் பேர்பெற்ற மணத்தை அடைகின்றது; அக்காற்றிலே கொழுந்து ஒரு கணமேனும் அசையாது நிற்பதில்லை. ஓர் இலை மற்றோர் இலையை மறைக்கும். அருகிலுள்ள சிறு கொழுந்தும் தூரத்திலுள்ள பெருங்கொழுந்தும் படத்தில் ஒரே அளவாகத் தோன்றும். பச்சைக்கு நடுவே பச்சையைத் தேட வேண்டியிருப்பதால் நிறமும் கைகொடுப்பதில்லை. ஒளி மாற்றம், மறைப்பு, அளவு மாற்றம், பின்புலக் குழப்பம் எனப் பாடநூல் வரிசைப்படுத்தும் இடர்கள் யாவும் ஒரு தேயிலைச் செடியின் மேற்பரப்பிலே ஒருங்கே கூடியிருக்கின்றன.

அந்தச் செடியின் முன் நிற்கும் பெண் என்ன செய்கின்றாள்? இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய்ப் பக்குவப்பட்டதைப் பறிக்கின்றாள். இன்னும் வளர வேண்டிய தளிரை அடுத்த முறைக்கு விடுகின்றாள். முற்றிய இலையைத் தவிர்க்கின்றாள். கண் தேர்ந்த தளிரை விரல் ஒடிக்கும்போதே அதன் மென்மையைச் சோதித்தும் விடுகின்றாள். இரு கைகளும் இதனை ஒரே வேளையில் செய்கின்றன; கால்கள் சரிவிலே நிலைகொள்ள வேண்டும்; அட்டையையும் கவனிக்க வேண்டும். ஒரு கொழுந்துக்கு ஒரு தீர்மானம் என்று கணக்கிட்டால் ஒரு நாளில் அவள் செய்யும் தீர்மானங்கள் ஆயிரக்கணக்கானவை. இவ்வேலைக்கு முழுமையாக நிகர் செய்யும் பொறியை அமைக்க எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் இன்னும் முயன்றுகொண்டிருக்கின்றன. கல்வி வேண்டாத வேலை என்ற சொல்லை இந்த இடத்தில் நாம் மீண்டும் நினைத்துப் பார்ப்பது நல்லது. அது பள்ளியிற் கற்ற கல்வியன்று என்பது மெய். கல்வியே அன்று என்பது மெய்யாகாது.

பெயர் சூட்டிய கைகள்

கணினிப் பார்வையின் அண்மைக்கால வளர்ச்சி வேறு வழியிலே வந்தது. இலை இப்படியிருக்கும், பூனை அப்படியிருக்கும் என்று பொறிக்கு விதி எழுதிக் கொடுக்கும் முறை கைவிடப்பட்டது. பெயர் எழுதிய படங்களை எண்ணிறந்த அளவில் காட்டி, பொறி தன் உள்ளெண்களைத் தானே திருத்திக்கொள்ளும்படி விடும் முறை தலையெடுத்தது. ஜப்பானியரான புக்குஷிமா 1980 ஆம் ஆண்டில் இதற்குரிய ஓர் அமைப்பை வகுத்தார். யான் லெகுன் 1989 ஆம் ஆண்டில் கையால் எழுதிய தபால் இலக்கங்களைப் பொறி வாசிக்கும்படி செய்தார். பெய்-பெய் லீ என்னும் பேராசிரியையும் அவருடைய குழுவினரும் 2009 ஆம் ஆண்டில் 'இமேஜ்நெட்' என்னும் பெரும் படத் தொகுதியை வெளியிட்டனர். அதனைக் கொண்டு நடைபெற்ற 2012 ஆம் ஆண்டுப் போட்டியில், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவரின் பொறி நூற்றுக்கு 15.3 என்ற பிழை வீதத்தோடு முதலிடம் பெற்றது. அடுத்து வந்ததன் பிழை 26.2. அன்று முதல் இத்துறையின் போக்கே மாறிவிட்டது.

இவ்வரலாற்றிலே பேராசிரியர்களின் பெயர்கள் நிலைபெற்றன. படங்களுக்குப் பெயர் எழுதியவர் யார்? 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 50,000 பேர் இணையத்தின் வழியே சிறு கூலிக்கு அவ்வேலையைச் செய்தனர். இது நாய், இது பூனை, இது கோப்பை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அவர்கள் சொன்னதையே பொறி கற்றது. பொறியின் கண் என்று நாம் போற்றுவது, பெயர் அறியப்படாத பலருடைய கண்களின் சேமிப்பாகும்.

கொழுந்தைப் பார்க்கும் பொறி அமைக்க வேண்டுமாயினும் வழி இதுவே. படங்களை மாணவர் எடுக்கலாம். கணக்கை ஆசிரியர் எழுதலாம். இது பக்குவம், இது முற்றல், இது அடுத்த வாரத்துக்கு உரியது என்று சொல்லக்கூடியவள் தோட்டத்திலே நிற்கின்றாள். அவள் சொல்லாவிட்டால் பொறிக்குப் பாடமில்லை. அந்த வகையில் அவளும் அத்துறையின் ஆசிரியையே. ஆசிரியைக்கு உரிய மதிப்பும் ஊதியமும் அவளுக்கு உண்டா என்பது கணினி விஞ்ஞானத்துக்கு வெளியே உள்ள வினாவன்று. அவ்விஞ்ஞானம் தன் அத்திவாரத்தைப் பற்றியே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

பிழை யாருடைய கணக்கில்?

பாடத்தின் இறுதிப் பகுதி பிழைகளைப் பற்றியது. மாணவர் அவசரத்தில் கடந்துவிடக் கூடிய பகுதியும் இதுவே. நல்ல கொழுந்தின் படங்களையெல்லாம் காலை வெயிலிலும், முற்றல் இலையின் படங்களையெல்லாம் மாலை மேகத்திலும் எடுத்துக் கற்பித்தோமானால், பொறி இலையைக் கற்காது, ஒளியைக் கற்கும். வெயிலில் வைத்த முற்றல் இலையைப் பார்த்து 'நல்ல கொழுந்து' என்று உறுதியாகக் கூறும். காட்டியதையன்றி வேறொன்றையும் காணாத கண் அது.

மனித முகங்களிலும் இதுவே நடந்தது. ஜோய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு பெண் ஆய்வாளர் 2018 ஆம் ஆண்டில், முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வாணிப மென்பொருள்களைச் சோதித்தனர். வெண்ணிற ஆண்களிடத்து அவற்றின் பிழை நூற்றுக்கு 0.8 ஐத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடத்தோ அது 34.7 வரை உயர்ந்தது. மொத்தச் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இவ்வநீதி கண்ணுக்குப் பட்டிராது.

இதனை லுணுகலைக்குக் கொண்டு வருவோம். தோட்டப் பேச்சிலே ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறை பறித்தவளுக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நெடுநாட் கோரிக்கையின் பின் 1000 ரூபாய் நாட்கூலி 2021 ஆம் ஆண்டில் வர்த்தமானியிலே வெளியானபோது, அதற்காகப் பறிக்க வேண்டிய நிறை எவ்வளவு என்பதே பல தோட்டங்களில் வாதமாயிற்று. நாளை ஒரு தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலே கமராவொன்றை வைத்து, முற்றல் இலை இவ்வளவு என்று பொறி சொல்ல அதனைக் கழிப்பதாகக் கற்பனை செய்வோம். பொறி நூற்றுக்கு 95 பங்கு சரியாகச் சொல்லும் என்று வகுப்பிலே அறிக்கை வாசித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் எஞ்சிய ஐந்து எப்பக்கம் சாய்கின்றது? முற்றலை நல்லதென்று சொன்னால் இழப்புத் தொழிற்சாலைக்கு. நல்லதை முற்றலென்று சொன்னால் இழப்புப் பறித்தவளுக்கு. 20 கிலோவே முழுப்பேருக்குரிய அளவாயின், சரியாக 20 கிலோ பறித்த ஒருத்தியின் கூடையில் நூற்றுக்கு ஐந்து தவறாகக் கழிந்தால் மிஞ்சுவது 19 கிலோ. ஒரு கிலோவின் பிழை அரைநாட் கூலியை விழுங்கிவிடும்.

எந்த எண்ணுக்கு மேல் முற்றல் என்று தீர்ப்பது என்ற எல்லையைப் பொறி தானாக வகுப்பதில்லை, மனிதரே வகுக்கின்றனர். கங்காணி தவறாகச் சொன்னால் அவருடைய முகத்தைப் பார்த்து வாதாடலாம். எல்லையை வகுத்தவர் பதுளையிலோ கொழும்பிலோ இருக்க, மடுவத்திலே வெறும் எண் மட்டும் தோன்றுமானால் யாரோடு வாதாடுவது? ஆகவே இப்பாடத்தைக் கற்கும் மாணவன், கணக்கின் நுட்பத்தோடு, தன் கணக்கின் பிழையை யார் சுமக்கின்றார் என்று கேட்கவும் கற்றாக வேண்டும். தோட்டத்திலிருந்து வரும் மாணவனும் மாணவியும் இக்கேள்வியை ஏட்டிலிருந்து கற்க வேண்டியதில்லை. அவர்களுடைய வீட்டிலே பேர் விழுந்ததும் அரைப்பேர் ஆனதும் அன்றாடப் பேச்சு. அவர்கள் அவ்வகுப்பில் இருப்பது அவர்களுக்கு மட்டுமன்றி அவ்வகுப்புக்கும் ஊதியமாகும்.

பல்கலைக்கழகம் புகும்வரை இதற்குக் காத்திருக்கவும் தேவையில்லை. பாடத்தின் முதற்படி கழித்தலே என்பதை மேலே கண்டோம். லுணுகலைப் பாடசாலை ஒன்றிலே கணித ஆசிரியர் ஒருவர் சதுரக்கோட்டுத் தாளைக் கொடுத்து, அதன்மேல் ஒரு கொழுந்தை வைத்து வரையச் சொல்லலாம். கறுத்த கட்டத்துக்குச் சிறிய எண், வெளிறிய கட்டத்துக்குப் பெரிய எண் என நிரப்பச் சொல்லலாம். அடுத்தடுத்த எண்களைக் கழித்து, பெரிய விடை வரும் கட்டங்களைச் சிவப்பாற் குறித்தால், இலையின் விளிம்பு பிள்ளைகளின் கண்முன்னே பிறக்கும். இதற்குக் கணினியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பாடத்தைத் தமிழிலேயே நடத்தலாம். அன்று மாலை வீட்டு வேலையாக ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பலாம்: இந்தத் தளிரைப் பறித்து அதன் பக்கத்திலுள்ளதை விட்டது ஏன் என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வருக. மறுநாள் அவ்விடைகளைக் கரும்பலகையிலே வரிசையாக எழுதினால், எந்தப் பாடநூலிலும் இல்லாத ஓர் அத்தியாயம் கிடைத்துவிடும்.